ஓட்டை மாற்றவா, ஓட்டையை அடைக்கவா?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று கூரையைப் பற்றியது. எழுதியவர், சிங்கப்பூரில் ஜாலான் புசாரை ஒட்டிய ஒரு சாலையில் கடைவீடு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண்மணி. கீழே கடையை வாடகைக்கு விட்டுவிட்டு மேலே குடியிருக்கிறார்கள். டிசம்பர் மழையில் மேல்மாடி ஒழுகுகிறதாம். வெயில் நாளில் அங்கே உட்காரவே முடியவில்லையாம். எப்படியும் செலவு செய்யப் போகிறோம், பழைய ஓடுகளை எல்லாம் எடுத்துவிட்டுச் சுற்றுச்சூழலுக்கு உகந்த கூரையாகப் போட்டுவிடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம். எதைப் போடுவது என்று நம்மிடம் கேட்டிருக்கிறார்.

அவருக்குத் தனியே பதில் எழுதிவிட்டேன். ஆனாலும் இது அவர் ஒருவருடைய கேள்வி இல்லை. இங்கே தரைவீடு வைத்திருப்பவர்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கில் கடைசி மாடியில் வெந்துகொண்டிருப்பவர்கள், இங்கே உழைத்து ஊரில் வீடு எழுப்பிக்கொண்டிருப்பவர்கள் என்று நம் வாசகர்கள் பலருக்கும் தலைக்கு மேல் இருக்கிற விஷயம். ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தைக் கூரைக்கே கொடுத்துவிடுகிறேன்.

என் பதிலின் முதல் வரி இதுதான்: பழைய ஓட்டுக் கூரையை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள்.

ஜாலான் புசார் பக்கம் போனால் ஏதாவது ஓர் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் மேல்தளத்துக்கு ஏறிப் பாருங்கள். கீழே நடக்கும்போது கண்ணில் படாத ஊர் அங்கிருந்து தெரியும். கடைகளுக்கு முன்னால் அஞ்சடியில் நடக்கிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் விளக்குக் கடை, குழாய்க் கடை, குளியலறைச் சாமான் கடை, காப்பிக் கடை. மேலே நின்றால் செம்மண் நிறத்தில் வரிசை வரிசையாக ஓடு. மழை பட்டுப் பட்டுச் சில இடங்களில் கறுத்திருக்கும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் கூரையைத் தொடும் இடத்தில் பெரணி முளைத்திருக்கும். எங்காவது ஓர் அரசங்கன்றும் இருக்கும். முன்பக்கம் ஓடு அழகாக இறங்கி வர, பின்கட்டில் மட்டும் தகரம், நெளிநெளியான பழைய ஷீட், ஒழுகும் இடத்தில் விரித்துக் கல் வைத்த நீலத் தார்ப்பாய், நடுநடுவே குளிர்சாதனப் பெட்டிகள். ஒழுகும் கூரைகளின் கதையில் பெரும்பகுதி அந்தப் பின்கட்டில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஓட்டுக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 1819-ல் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். சிங்கப்பூரின் முதல் செங்கல் சூளை என்று அதைச் சொல்வார்கள். 1822-ல் நகருக்குத் திட்டம் வகுத்த ராஃபிள்ஸ், கடைவீதி வீடுகள் செங்கல்லும் ஓடுமாக ஒரே மாதிரியான முகப்போடு அமைய வேண்டும், முன்னால் மக்கள் நடக்கக் கூரையிட்ட வழி விட வேண்டும் என்று எழுதி வைத்தார். நாம் இன்றும் நடக்கிற அஞ்சடி அப்படி வந்ததுதான். செங்கல் சூளைக்காரரான நாராயண பிள்ளை முன்னின்று 1827-ல் சவுத் பிரிட்ஜ் சாலையில் எழுப்பிய மாரியம்மன் கோயிலோ, முதலில் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனது! கையில் காசும் கல்லும் சேரும்வரை அம்மனும் ஓலைக்குக் கீழேதான் இருந்தாள்.

பிறகு இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள் செங்கல் அறுத்தார்கள், சுண்ணாம்பு குழைத்தார்கள். புனித ஆண்ட்ரூ தேவாலயமும் இன்றைய இஸ்தானாவும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. தேக்கா வட்டாரத்தில் சுண்ணாம்புக் குழிகளும் சூளைகளும் இருந்ததால் நம்மவர்கள் அந்தப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தார்கள். ஆக, ஜாலான் புசார் வாசகி பிரித்துப் போடலாமா என்று கேட்கிற அந்த மண்ணும் சுண்ணாம்பும் நம் முன்னோர் கைபட்ட தொழில்.

அத்தாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுற்றுச்சூழலுக்கு மிக உகந்த கூரை எது என்று ஏட்டளவில் கேட்டால் நிப்பா ஓலையில் வேய்ந்த அத்தாப்புக்குத்தான் முதல் பரிசு. சதுப்பில் தானே வளரும், சூளை வேண்டாம், வெயிலை உள்ளே விடாது, மக்கினால் மண். ஆனால் 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் பிடித்த தீ ஒரே பிற்பகலில் ஏறக்குறைய 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த வீவக, அந்தத் தீக்குப் பிறகே முழு வேகம் எடுத்தது. கூரை என்றால் வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் பதில் சொன்னால் போதாது. நெருப்புக்கும் பதில் சொல்ல வேண்டும், கொசுவுக்கும் சொல்ல வேண்டும். ‘பசுமைக் கூரை’ என்று விற்கிறவர்கள் இதையெல்லாம் விளம்பரத்தில் போடுவதில்லை.

சரி, ஓட்டுக்கு வருவோம். சுட்ட மண் ஓட்டை ஏன் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்? ஓட்டைச் சுட வெகுவாக எரிபொருள் வேண்டும். சூளை வெப்பம் ஏறத்தாழ 1,000 டிகிரி போகும். ஆனால் உங்கள் கூரையில் இருக்கும் ஓட்டுக்கு அந்த விறகு எப்போதோ எரிந்து முடிந்துவிட்டது. அதை எடுத்து நொறுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை, அது எவ்வளவு பசுமையான பெயர் உடையதாக இருந்தாலும், தொழிற்சாலையில் செய்து கப்பலில் ஏற்றி இங்கே இறக்கினால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். நல்ல ஓடு பல பத்தாண்டுகள் உழைக்கும். கைமரமும் ரீப்பரும் உளுத்துப்போன கூரையிலும் ஓடுகளில் பெரும்பாலானவை தட்டினால் ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும். அப்படி ஒலிப்பதை வைத்துக்கொண்டு, மந்தமாக ஒலிப்பதை மட்டும் கழித்தால் போதும்.

ஒழுகுவது பெரும்பாலும் ஓட்டினால் அல்ல. ஓர் ஓடு நழுவியிருக்கும், முகட்டில் வைத்த காரை வெடித்திருக்கும், சுவரோரத்தில் பெரணியின் வேர் இறங்கியிருக்கும், கூரையோரத் தூம்பு இலை அடைத்து நீர் பின்னோக்கி ஏறியிருக்கும். தண்ணீர் உள்ளே வருகிற இடமும் சொட்டுகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; கைமரத்தின் மேல் ஊர்ந்து வந்து இரண்டு மீட்டர் தள்ளிச் சொட்டும். வெயிலில் வந்து பார்த்துவிட்டு ‘எல்லாம் போச்சு, முழுசா மாத்தணும்’ என்று மதிப்பீடு தருகிறவரை விட, மழை பெய்யும்போது டார்ச்சோடு மச்சில் ஏறி ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறவரை நம்புங்கள். ஓட்டை எங்கே என்று தெரியாமல் ஓட்டை மாற்றிப் பயனில்லை.

அடுத்தது வெப்பம். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983-க்குப் பிறகு இந்த ஊர் அந்த அளவைத் தொட்டது அன்றுதான். மேல்மாடியில் நம்மைச் சுடுவது பெரும்பாலும் காற்றின் சூடு அல்ல. சூடேறிய ஓட்டின் அடிப்பக்கத்திலிருந்து நேராக நம் தலையில் இறங்கும் கதிர்வீச்சு. இதற்கு மருந்து ஓட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. கைமரங்களை ஒட்டி அலுமினிய ஃபாயில் விரித்து, ஓட்டுக்கும் அதற்கும் நடுவே காற்று போக இடைவெளி விட வேண்டும். ஃபாயிலின் பளபளப்பு அந்த இடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பொருள்களுக்கு நடுவே இறுக ஒட்டிவிட்டால் அது வெறும் தாள். அதற்குக் கீழே ராக்வூல் போன்ற காப்பு. முகட்டுப் பக்கம் சூடான காற்று வெளியேற வழி. பழைய கடைவீடுகளில் நடு முற்றம், கூரைமேல் சிறு கூரை என்று இதற்கான வழிகளை அப்போதே கட்டி வைத்திருந்தார்கள். நாம் முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடி, சிறு கூரையின் இடுக்குகளைப் பலகை வைத்து அடைத்து, பிறகு குளிர்சாதனப் பெட்டி வாங்கினோம்.

ஓட்டுக்கு மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்தால் என்ன என்று அந்த வாசகியின் மகன் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஆனால் ஜாலான் புசாரில் அந்தக் கடைவீட்டுக்குப் பொருந்தாது. தேக்கா வட்டாரம் 1989-லும் ஜாலான் புசார் 1991-லும் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அப்படிப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் இன்று இந்நாட்டில் 7,200-க்கு மேல். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிப்படி முன்கட்டின் பிரதான கூரை இயற்கை நிறத்தில், மெருகிடாத மண் ஓடாகவே இருக்க வேண்டும். பெட்டேன் சாலையில் 1930-ல் கட்டிய பதினெட்டு வீடுகளின் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இந்த விதி ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தப் பூ வேலைப்பாட்டுத் தூண்களுக்கு மேலே ஒரு வீட்டில் மட்டும் நீலத் தகடு பளபளத்தால் எப்படி இருக்கும்? விதியை விடுங்கள், மண் ஓட்டுக்கு மேல் அடைத்துப் பூசும் பெயின்ட் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். ஓடு மூச்சுவிட வேண்டும்.

இந்த விதியைக் குறைபட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. சுற்றுச்சூழல் கண்ணோடு பார்த்தால் பாதுகாப்பு விதி நமக்குச் செய்த உதவி பெரிது என்றே எனக்குப் படுகிறது. இடித்துக் கட்டியிருந்தால் எவ்வளவு சிமென்ட் போயிருக்கும்! உலகம் வெளிவிடும் கரிமவாயுவில் சுமார் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது.

இப்போது பின்கட்டு. இதுதான் இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிற விஷயம். பழைய வீடுகளின் பின்கட்டிலும் சமையலறைக்கு மேலும் இருக்கும் நெளிநெளியான சாம்பல் நிற ஷீட், ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சிங்கப்பூரில் 1989 முதல் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்படுத்தத் தடை. ஆனால் அதற்கு முன் போட்டது பல இடங்களில் இன்னும் கூரையில் இருக்கிறது. சும்மா கிடக்கும்வரை அதிகத் தொல்லை இல்லை. சுத்தியலால் உடைத்தால், வாள் வைத்து அறுத்தால், உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால்தான் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கிளம்பும். அது நுரையீரலுக்குள் போய், இருபது முப்பது ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். 1991-க்கு முன் கட்டிய கட்டடத்தில் இடிப்பு, புதுப்பிப்பு வேலை தொடங்குமுன் தகுதி பெற்றவர் வந்து ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று ஆய்வு செய்ய வேண்டும் என்று 2014-ல் வந்த மனிதவள அமைச்சின் விதிகள் சொல்கின்றன. அகற்றும் வேலையை அதற்கென அங்கீகாரம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். ‘அரை நாள் வேலைதான், இரண்டு பையன்களை அனுப்புகிறேன்’ என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு பையன்களும் பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

ஷீட் இருந்த இடத்தில் எதைப் போடுவது? இங்கேதான் புதுக் கூரை தேர்ந்தெடுக்க நியாயமான இடம் கிடைக்கிறது. வெளிர் நிறப் பூச்சுள்ள உலோகத் தகடு, அடியில் காப்புப் பொருளோடு போட்டால் பின்கட்டுக்கு நல்ல முடிவு. எடை குறைவு, பழைய சுவருக்குச் சுமை இல்லை, காலம் முடிந்ததும் உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். காப்பு இல்லாமல் வெறும் தகரமாகப் போட்டால் பகலில் அடுப்பு. இரவில் மழை பெய்தால் பேச முடியாது. காப்பைத் தவிர்ப்பதால் கிடைக்கும் சிறு மிச்சத்தை மட்டும் பார்க்காதீர்கள். தூம்பைச் சரியான சாய்வோடு வையுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு நாணயத்தின் அளவு தண்ணீரே போதும். டெங்கிப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் கூரைத் தூம்பைப் பார்க்காமல் போவதில்லை.

சூரிய மின்தகடு பற்றி எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. எனக்கும் உண்டு. இந்த ஊரில் ஒரு கிலோவாட் அளவுக்குத் தகடு பதித்தால் ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் கிடைக்கும். அதற்கு ஏறத்தாழ 5 சதுர மீட்டர் இடம் வேண்டும். நிழலில்லாத 30 சதுர மீட்டர் கூரை இருந்தால் ஆண்டுக்கு 7,000 யூனிட்டைத் தொடலாம். மிஞ்சுவதை மின்கட்டமைப்புக்கு விட்டுக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. தரைவீட்டுக்காரர்கள் தயங்காமல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஜாலான் புசார் கடைவீட்டுக்கு இரண்டு தடை. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் தகடு வைக்க முன் அனுமதி வாங்க வேண்டும். தெருவிலிருந்து பார்த்தால் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. அதைவிடப் பெரிய தடை, சுற்றி எழும்பிவிட்ட உயரக் கட்டடங்களின் நிழல். காலையில் ஒரு கட்டடம், மாலையில் இன்னொன்று என்று வெயிலைப் பங்கு போட்டுக்கொண்டால் தகடு போட்ட காசு திரும்ப வர வெகுகாலம் ஆகும். விற்பனையாளர் சொல்லும் கணக்கில் அந்த நிழல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

‘எங்களுக்கெல்லாம் சொந்தக் கூரையே இல்லையே’ என்று வீவக வாசகர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. உங்கள் கூரைதான் இந்த ஊரிலேயே அதிகம் உழைக்கிறது! கடைசி மாடிக்கு மேல் இருக்கும் கான்கிரீட் தளத்தின் மேல், சிறு கால்களில் நிற்கும் இன்னொரு மெல்லிய பலகைத் தளம் பதித்திருப்பார்கள். வெயில் அந்தப் பலகையில் விழும். இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும். ஓட்டுக்கும் ஃபாயிலுக்கும் நடுவே இடைவெளி விடச் சொன்னேனே, அதே யுத்திதான். அதற்கு மேல் 2014-ல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் சூரியத் தகடுகள். அவை தரும் மின்சாரம் பகலில் மின்தூக்கிக்கும் நீர் இறைக்கும் பம்புக்கும் பொது விளக்குகளுக்கும் போகிறது, மிச்சம் மின்கட்டமைப்புக்கு. 2030-க்குள் 540 மெகாவாட் உச்சத்திறன் என்பது வீவகவின் இலக்கு. தகடு தருவது மின்சாரம் மட்டும் இல்லை, கூரைக்கு நிழலும் கூட என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தெம்பனிஸ் வட்டாரத்தில் புளோக் சுவர்களில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சு அடித்துச் சோதனை செய்தார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மேற்குப் பகுதியில் ஒரு தொழிற்பேட்டையில் கூரை, சுவர், சாலை எல்லாவற்றுக்கும் அத்தகைய பூச்சு அடித்து அளந்து, 2024-ல் முடிவை வெளியிட்டது. பூச்சு அடித்த பகுதி, பக்கத்துப் பகுதியைவிட உச்சி வெயிலில் 2 டிகிரிவரை குளிர்ச்சி. நடந்து போகிறவர்களுக்கு 1.5 டிகிரிவரை இதமாக உணரும் வேறுபாடு. ஒரு வீட்டுக் கூரை வெள்ளையானால் அந்த வீட்டுக்கு நல்லது. தெருவே வெள்ளையானால் தெருவில் போகிறவருக்கும் நல்லது. எனவே உங்கள் புளோக்கில் புதுப்பூச்சு, கூரைச் சீரமைப்பு என்று ஜாலான் புசார் நகர மன்றமோ வேறு நகர மன்றமோ அறிவிப்பு ஒட்டினால் நின்று படியுங்கள். என்ன பூச்சு என்று கேளுங்கள். கேட்கிற குடியிருப்பாளர்கள் குறைவு என்பதால் கேட்டவரின் குரல் கணீரென்று கேட்கும்.

செடி வளர்க்கும் கூரையைப் பற்றி ஓரிரு வரி. மெரினா அணைக்கட்டின் புல்வெளிக் கூரையில் பட்டம் விடாத குடும்பம் நம்மில் குறைவு. அழகு, குளிர்ச்சி, மழைநீரைச் சற்றுநேரம் பிடித்து வைக்கும் குணம் எல்லாம் உண்மை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வோங் நியூக் ஹியென் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், வெறும் கூரைக்கும் செடி மூடிய கூரைக்கும் மேற்பரப்பு வெப்பத்தில் 30 டிகிரிவரை வேறுபாடு கண்டார்கள். ஆனால் ஈரமண் கனக்கும். சதுர மீட்டருக்கு நூறு கிலோ என்பது சாதாரணம். ஓட்டுக் கூரையும் மரக் கைமரமும் உள்ள வீட்டுக்கு அது ஆகாது; சமதளக் கான்கிரீட் கூரை உள்ள வீட்டுக்கு, பொறியாளர் பார்த்துச் சரி என்றால் மட்டும்.

இனி ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, வீடியோ அழைப்பில் கொத்தனாரோடு வாதாடிக்கொண்டு நிற்கும் தம்பிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே பல மாடிக் கட்டடங்களுக்கு நீர்க்காப்பு வேலை செய்கிற கைகள் அவை. மன்னார்குடியிலோ அறந்தாங்கியிலோ எழும்பும் சொந்த வீட்டுக்கு மட்டும் மொட்டைக் கான்கிரீட் போட்டு விட்டுவிடுகிறோம். சித்திரை வெயிலில் அம்மாவும் அப்பாவும் அதற்குக் கீழேதான் படுக்கப் போகிறார்கள், தம்பி!

கான்கிரீட் கூரைதான் என்றால் அதை வெறுமையாக விடாதீர்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதிப்பது நம் ஊரில் தலைமுறையாக நடந்த வேலை. இன்றும் அதற்குக் கொத்தனார் கிடைப்பார். கைக்கு அடக்கமாக வேண்டும் என்றால் வெள்ளை நிறக் கூல் டைல், அல்லது வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு. அதற்கும் காசில்லை என்றால் கோடைக்கு முன் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். ஆண்டுதோறும் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இதை ஏழைகளின் யோசனை என்று ஒதுக்க வேண்டாம். தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக்கென்றே ஐந்தாண்டுக் கொள்கை கொண்டுவந்து, புதுக் கட்டடங்களில் பலவற்றுக்கு அதைக் கட்டாயமாக்கியது.

கான்கிரீட்டையே குறைக்க வேண்டும் என்றால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை இருக்கிறது. தளம் போடும்போது கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துவிடுவார். தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட் சுமையாக மட்டும் இருக்கிற இடங்களை ஓடு நிரப்பிக்கொள்ளும். சிமென்ட் மிச்சம், எடை குறைவு, நடுவில் சிக்கும் காற்றால் வெப்பமும் குறைவு. கீழிருந்து பார்த்தால் அழகு. மங்களூரில் பாசல் மிஷன் 1865-ல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய அந்த ஓடு, இடித்த வீடுகளிலிருந்து இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. முறை தெரிந்த பொறியாளரை வைத்துச் செய்யுங்கள். கம்பி இடைவெளி தவறினால் ஆபத்து.

மொட்டைமாடியில் சூரியத் தகடு வைக்க இந்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்யகர் திட்டத்தில், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் வைப்பவர்களுக்கு 78,000 ரூபாய்வரை மானியம் தருகிறார்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். கூரை வேலையோடு சேர்த்து அந்தக் குழாயையும் முடித்துவிடுங்கள், பிறகு சுவரைக் குடைய வேண்டியிருக்காது. மாட்டுக் கொட்டகைக்கும் சமையல்கட்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மலிவு என்று கடைக்காரர் நீட்டுவார். அங்கே அதற்கு இன்னும் முழுத் தடை வரவில்லை என்பதால் நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

ஜாலான் புசார் வாசகிக்கு நான் எழுதிய பதிலின் சுருக்கம் மூன்று வரி. முன்கட்டு ஓட்டைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அடியில் ஃபாயிலும் காப்பும் போடுங்கள். பின்கட்டு ஷீட்டை ஆய்வு செய்யாமல் தொடாதீர்கள். அடைத்து வைத்திருக்கும் முற்றத்தைத் திறந்து பாருங்கள். முழுக் கூரையையும் மாற்றும் செலவில் பெரும்பகுதி மிஞ்சும் என்பது என் எண்ணம்.

அடுத்த இதழில் கூரைகளுக்கென்று சில பக்கங்களை ஒதுக்கலாம் என்றிருக்கிறோம். கடைவீட்டு ஓடு பழுதுபார்க்கத் தெரிந்த கைவினைஞர்கள் இந்த ஊரில் அருகி வருகிறார்கள். உங்களில் யாராவது அந்த வேலை செய்கிறவராக இருந்தால், அல்லது நல்ல வேலைக்காரர் ஒருவரை அறிந்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். கூரை மாற்றியவர்கள், மாற்றாமல் சரிசெய்தவர்கள், சூரியத் தகடு போட்டு மின்கட்டணத்தைக் கணக்கெடுத்து வைத்திருப்பவர்கள், ஊரில் தட்டோடு பதித்தவர்கள் எல்லோரும் எழுதலாம். படம் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து ஓட்டின் மேல் ஏறி நின்று எடுக்க வேண்டாம். எதிர்க் கார் நிறுத்தத்தின் மேல்தளத்திலிருந்தே நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்